திலேப்பியா குட்டையில் வைரஸ்: வராமல் காப்பதும் வந்தால் செய்ய வேண்டியதும்

கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூர் பக்கம் எங்களுக்கு மூன்று குட்டைகள். மாந்தோப்பு வீட்டுக்காரர் பொறுப்பு, மீன் என் பொறுப்பு. காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, அரூர் என்று சுற்றுவட்டாரத்தில் புதிதாகப் பண்ணைக்குட்டை வெட்டியவர்கள் போன் செய்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, மீன் சாகுது, என்ன மருந்து போடலாம்?"

வைரஸ் என்றால் அதைக் கொல்லக் குட்டையில் ஊற்றும் மருந்து எதுவும் கிடையாது. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கானது, வைரஸை அது தொடாது. "எல்லா நோய்க்கும் ஒரே பாட்டில்" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் மாதிரியான மருந்துகள் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. பெயர் ஒட்டாத பொடிக்குள் அவை இருந்தாலும் வாங்கியவருக்குத் தெரியப் போவதில்லை. வைரஸை வெல்லக்கூடியது மீனின் உடம்பு மட்டும்தான். அதனால் நாம் செய்ய வேண்டிய வேலை இரண்டு: வைரஸைக் குட்டைக்குள் விடாமல் இருப்பது, உள்ளே வந்துவிட்டாலும் மீனின் எதிர்ப்புச் சக்தியை நாமே கெடுக்காமல் இருப்பது.

மீனின் உடம்பு எப்படிச் சண்டை போடுகிறது

இதைத் தெரிந்துகொண்டால் பின்னால் சொல்லப் போகும் வேலைகளை ஏன் செய்கிறோம் என்பது தானாகவே விளங்கும். அவசரப்பட்டுத் தாண்டிப் போகாதீர்கள்.

முதல் காவல் மீனின் மேல் இருக்கும் கொழகொழப்பு. கிருமியின் உடலைக் கரைக்கும் புரதங்கள் அதில் இருக்கின்றன. ஓயாமல் சுரந்து வழிந்துகொண்டே இருப்பதால் ஒட்ட வரும் கிருமியையும் கழுவித் தள்ளிவிடும். சொரசொரப்பான வலையில் இழுத்து, வெறுங்கையால் பிடித்து, சிமென்ட் தரையில் கொட்டி எடை போட்டால் அந்தக் காவல் போய்விடும். செதில் உதிர்ந்த இடம் திறந்த வாசல்தான்.

வைரஸ் அதையும் தாண்டி ஓர் உயிரணுவுக்குள் புகுந்துவிட்டால், அந்த உயிரணு இன்டர்ஃபெரான் என்ற பொருளை வெளியே விடும். திருடன் புகுந்த வீட்டுக்காரர் கூச்சல் போட்டதும் தெருவில் மற்றவர்கள் கதவைத் தாழிட்டுக்கொள்வது போல, சுற்றியுள்ள உயிரணுக்கள் வைரஸ் பெருக முடியாதபடி தங்களை மாற்றிக்கொள்ளும். இது மணிக்கணக்கில் தொடங்கும் வேலை. ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதம், உருவாவது அதற்குப் பிறகு, மெதுவாக; வாரக்கணக்கில் ஆகும். மனித உடம்பை விட மீனுக்கு இது தாமதம். அந்த ஆன்டிபாடி வரும் வரை மீன் தாக்குப்பிடித்தால் பிழைக்கும். திலேப்பியாவைத் தாக்கும் வைரஸ்களில் நான் இங்கே முக்கியமாகப் பேசுவது திலேப்பியா லேக் வைரஸ்; அதில் பிழைத்த மீன்கள் அதே வைரஸ் மறுபடி தாக்கினாலும் தாங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே நாம் மீனுக்கு வாங்கித் தர வேண்டியது நாள்.

மீனுக்கு எலும்பு மஜ்ஜை கிடையாது. எதிர்ப்பு உயிரணுக்கள் பெரும்பாலும் முன் சிறுநீரகத்தில் உருவாகின்றன. மீனை அறுத்தால் தலைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, கருஞ்சிவப்பாகத் தெரிவதுதான் அது. மண்ணீரலும் இதில் சேரும். மீன் பயந்தாலோ மூச்சுத் திணறினாலோ சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோனும் அதே முன் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. கார்டிசோல் பல நாள் உயர்ந்தே இருந்தால் எதிர்ப்பு உயிரணுக்கள் குறையும். தினமும் விடிகாலையில் ஆக்சிஜன் குறைந்து மேலே வந்து வாய் பிளக்கும் மீன், வைரஸ் வரும் முன்னரே பாதி தோற்றுவிட்டது.

இன்னொன்று சூடு. மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். தண்ணீர் குளிர்ந்தால் ஆன்டிபாடி வேலையும் மந்தமாகிவிடும். ஹெர்பிஸ் வைரஸ் தாக்கிய கெண்டை மீன்கள், வாய்ப்பிருந்தால் சூடான தண்ணீரைத் தேடிப் போய் நிற்பதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். தனக்குத் தானே காய்ச்சல் வரவழைத்துக்கொள்ளும் வழி அது. மண் குட்டையில் ஒரு பக்கம் ஆழம் குறைவாக, வெயில் படும்படி விட்டு வைப்பது இந்தக் காரணத்துக்காகவும் நல்லது என்பது என் எண்ணம்.

நம் ஊரில் மீன் தளரும் மாதங்கள்

கடற்கரை மாவட்டத்துக்காரர்கள் சொல்லும் கணக்கு நமக்கு அப்படியே ஒத்துவராது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். தேன்கனிக்கோட்டை, தளி பக்கமெல்லாம் மார்கழி, தை இரவுகளில் நல்ல குளிர். கிருஷ்ணகிரி, தர்மபுரி சமவெளியிலும் அந்த மாதங்களில் விடிகாலைத் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும். திலேப்பியாவுக்கு 27 முதல் 32 டிகிரி சுகம். 20க்குக் கீழே போனால் தீவனம் எடுப்பது வெகுவாகக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் வழக்கமான அளவுக்குத் தீவனம் போட்டால் அது அடியில் மக்கி அம்மோனியாவாக மாறும். தண்ணீரின் பிஎச் (காரத்தன்மையைக் காட்டும் அளவு) கூடக்கூட அம்மோனியாவின் நஞ்சும் கூடும். நம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினத்தன்மையும் கூடியது என்பதால், "குட்டை என்றால் சுண்ணாம்பு போடணும்" என்று கண்ணை மூடிக்கொண்டு கொட்டாதீர்கள். சுண்ணாம்பு பிஎச்-ஐ ஏற்றும், அதனால் பிஎச் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். போரிலிருந்து நேராக வரும் தண்ணீரில் ஆக்சிஜனும் அநேகமாக இருக்காது. உயரத்திலிருந்து தெறித்து விழும்படி விடுங்கள். முடிந்தால் தொட்டியில் ஒரு நாள் நிறுத்தி விடுங்கள்.

அதே மார்கழி, தை, மாசியில்தான் மா பூக்கும், தத்துப்பூச்சிக்கு மருந்தடிப்பார்கள். அந்த மருந்துகளில் பைரித்ராய்டு வகை மீனுக்குக் கடும் விஷம். கொல்லாத அளவுக்குச் சாரல் பட்டாலும் செவுள் கெடும், எதிர்ப்புச் சக்தி இறங்கும். குளிரும் மருந்தும் ஒரே சமயத்தில் வருவது நம் மாவட்டத்துக்கென்றே உள்ள தொல்லை. எங்கள் தோப்பில் காற்று அசையாத காலையில் மட்டும் அடிப்போம். தெளிப்பானைக் கழுவும் தண்ணீர் குட்டைப் பக்கம் வராது. குட்டையை ஒட்டிய வரிசை மரங்களுக்கு மருந்தே கிடையாது. அந்த மரங்களின் காய் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று வீட்டுக்காரரை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். பக்கத்துத் தோப்பு வேறொருவருடையது என்றால் முன்கூட்டியே போய்ப் பேசி வையுங்கள். மருந்தடிக்கும் நாளைச் சொன்னால் போதும், குட்டைக்குள் தண்ணீர் வரும் வாய்க்காலை அன்றைக்கு அடைத்துவிடலாம்.

தீவனத்திலும் ஒரு விஷயம். மீனால் வைட்டமின் சி-யைத் தானே தயாரிக்க முடியாது. தீவனத்தில் வந்தால்தான் உண்டு. தகரக் கொட்டகையில் மாதக்கணக்கில் வெந்துகொண்டிருக்கும் மூட்டையில் அது அழிந்துபோகும். அப்புறம் கடலைப் புண்ணாக்கு. நம் பக்கம் நிலக்கடலை தாராளம் என்பதால் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும். அது ஈரலைக் கெடுத்து எதிர்ப்புச் சக்தியையும் அமுக்கும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். பூஞ்சை வாடை அடித்தால் எருக்குழியில் கொட்டுங்கள், காசைப் பார்க்காதீர்கள்.

குஞ்சு வாங்கும்போது

வைரஸ் பெரும்பாலும் குஞ்சுப் பையோடுதான் வருகிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

திலேப்பியா லேக் வைரஸ் 2014ல் இஸ்ரேலிலிருந்து முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இந்தியாவில் மேற்கு வங்காளம், கேரளப் பண்ணைகளில் அது இருப்பதை 2018ல் வெளியிட்டார்கள். மோசமாகத் தாக்கினால் 100க்கு 90 மீன்கூட சாகலாம். தாய் மீனிலிருந்து குஞ்சுக்கும் இறங்கக்கூடியது. குஞ்சை வளர்ப்புக் குட்டையில் விட்ட முதல் மாதத்துக்குள்தான் சாவு அதிகம். அதனால் குஞ்சுப் பண்ணையில் மூன்று கேள்வி கேளுங்கள். தாய் மீனுக்கு இந்த வைரஸுக்கான பிசிஆர் (கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிக்கும்) பரிசோதனை செய்தீர்களா, எப்போது? இந்தத் தொகுதிக் குஞ்சு எந்தத் தொட்டியில் பொரித்தது? கடந்த மாதம் அங்கே ஏதாவது செத்ததா? நல்ல பண்ணைக்காரர் கோபப்பட மாட்டார். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். லாரியில் கொண்டுவந்து ஊர் ஊராக விற்கும் குஞ்சு, எந்தெந்தப் பண்ணைத் தண்ணீர் கலந்தது என்று தெரியாதது. விலை எவ்வளவு குறைந்தாலும் நான் வாங்குவதில்லை.

குஞ்சு வந்ததும் பையைத் திறக்காமல் 15, 20 நிமிடம் தண்ணீரில் மிதக்க விடுங்கள். பிறகு நம் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றுங்கள். கடைசியில் குஞ்சை மட்டும் வடிவலையில் அள்ளி விட வேண்டும். பைத் தண்ணீர் குட்டைக்குள் போகக் கூடாது, தோப்பிலும் ஓடவிடாமல் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு போடுங்கள்.

நேராகப் பெரிய குட்டைக்கும் போகக் கூடாது. தனித் தொட்டி, அல்லது தார்பாலின் விரித்த சிறு குழி போதும். குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் ஒரு மாதம். பெரிய குட்டைக்குள்ளேயே ஹாப்பா (வலையால் ஆன கூண்டு) கட்டி வைப்பதைத் தனிமை என்று நினைக்காதீர்கள்; தண்ணீர் ஒன்றுதான், வைரஸுக்கு அந்த வலை ஒரு தடையே இல்லை. அந்தத் தொட்டிக்கென்று தனி வலை, தனி வாளி. தினசரி வேலையில் பெரிய குட்டையை முதலில் முடித்துவிட்டு, தனித்தொட்டிக்குக் கடைசியாகப் போங்கள். அங்கிருந்து திரும்பிப் பெரிய குட்டைக்கு வரக் கூடாது.

உப்புக் குளியல் பற்றிக் கேட்பார்கள். மேலே ஒட்டும் ஒட்டுண்ணிக்கு நல்லது, பயணக் களைப்புக்கும் உதவும். உடம்புக்குள் இருக்கும் வைரஸை அது ஒன்றும் செய்யாது.

எண்ணிக்கையில் பேராசை வேண்டாம். கெண்டை வகைகளை ஏக்கருக்கு 4,000 விரலி (விரல் நீளக் குஞ்சு) என்ற அளவில் விடுவது வழக்கம். திலேப்பியா இதைவிட நெருக்கம் தாங்கும்தான், ஆனால் ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) இல்லாதவர் சதுர மீட்டருக்கு 3க்கு மேல் போக வேண்டாம் என்பேன். மின்சாரம் போனால் என்ன செய்வது என்று யோசித்துவிட்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

செத்து மிதந்தால் எதனால் என்று பார்ப்பது

எல்லாச் சாவும் வைரஸ் இல்லை. ஒரே இரவில் மொத்தமாக, விடிகாலையில், பெரிய மீன் முதலில், எல்லா வகையும் கலந்து செத்தால் ஆக்சிஜன்தான் காரணம். முந்தைய நாள் மூடாப்பு போட்டிருக்கும், அல்லது தண்ணீர் கரும்பச்சையாக இருந்திருக்கும். கோடையில், கண் பிதுங்கி, சுற்றிச் சுற்றி நீந்திச் செத்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம். மழைக்குப் பின் குளிர் மாதத்தில் விரால், கெண்டை மேல் ஆழமான புண் வந்தால் பலர் அதையும் வைரஸ் என்கிறார்கள். 1988ல் இந்தியாவுக்குள் வந்த அந்தப் புண் நோய்க்குக் காரணம் அஃபனோமைசிஸ் என்ற, பூஞ்சை போன்ற ஒரு கிருமி.

வைரஸ் வேறு மாதிரி வரும். முதல் நாள் நாலைந்து, மறுநாள் இன்னும் கொஞ்சம், பிறகு ஏறிக்கொண்டே போகும். பகலிலும் சாகும். குட்டையில் கட்லா, ரோகு நன்றாக இருக்க, திலேப்பியா மட்டும் சாகும். சாவதற்கு முன் தீவனத்தை விட்டுவிடும், மந்தமாக அடியிலோ ஓரத்திலோ நிற்கும். தோல் அரிக்கப்பட்டுச் சிவந்திருக்கும், கண் மங்கும், சிலதில் வயிறு உப்பும், செதில் தூக்கி நிற்கும். கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது, நானும் சொல்ல மாட்டேன். வைரஸ் அடித்துத் தளர்ந்த மீனில் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்வது சகஜம்; அப்போது அறிகுறிகள் கலந்து குழப்பும். பரிசோதனைதான் வழி.

சந்தேகம் வந்த அன்றைக்கே

தீவனத்தை நிறுத்துங்கள், அல்லது வெகுவாகக் குறையுங்கள். ஏரேட்டரை இரவு முழுக்க ஓட விடுங்கள். வலை போடாதீர்கள், இடம் மாற்றாதீர்கள், "பிழைத்ததையாவது விற்போம்" என்று கலக்காதீர்கள். கலக்கினால் கார்டிசோல் ஏறும், பிழைக்க இருந்ததும் சாகும். தண்ணீரை வெளியே திறக்கவே கூடாது. பாரூர் ஏரியோ தென்பெண்ணை வாய்க்காலோ, கீழே இருப்பவர்களுக்கும் குட்டை இருக்கிறது.

செத்த மீனை ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது எடுங்கள். கொக்கும் நீர்க்காகமும் ஒரு குட்டை மீனை அடுத்த குட்டையில் போட்டுவிடும், நாய் தோப்பெல்லாம் இழுத்துப் போகும். தண்ணீருக்குத் தள்ளி ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். மனிதர்களுக்கு இந்த வைரஸ் தொற்றுவதாகத் தெரியவில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் நோய் மீனைச் சந்தைக்கு அனுப்பினால் அதைக் கழுவும் தண்ணீர் எங்கெங்கோ போகும். அதனால் விற்காதீர்கள்.

வலை, வாளி, கால் செருப்பு எல்லாவற்றையும் முதலில் சேறு போகக் கழுவி, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஒரு மணி நேரம் ஊற வைத்து, வெயிலில் உலர்த்துங்கள். சேறு இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும். புதிதாகப் பிரித்த பவுடரில் குளோரின் 30 சதவீதம் அளவுக்கு இருக்கும். லிட்டருக்கு 1 கிராம் போட்டால் 300 பிபிஎம் (லிட்டருக்கு 300 மில்லிகிராம் குளோரின்) கிடைக்கும், அது போதும். திறந்து கிடந்த பழைய பவுடர் வெறும் சுண்ணாம்புதான். மீன் இருக்கும் குட்டையில் இதைக் கொட்டிவிடாதீர்கள்.

மாதிரி அனுப்புவது பற்றி. செத்து மிதந்து வெளுத்த மீன் எதற்கும் உதவாது. நம் வெயிலில் சில மணி நேரத்தில் உறுப்பெல்லாம் கரைந்துவிடும். உயிர் இருந்து மந்தமாக நிற்கும் நாலைந்து மீன்தான் வேண்டும். உயிரோடு ஆக்சிஜன் பையில் கொண்டுபோக முடிந்தால் அதுதான் சிறந்தது. முடியாவிட்டால் ஈரலும் மூளையும் சிறு துண்டுகளாக, 95 சதவீத எத்தனாலில், துண்டைப் போலப் பத்து மடங்கு திரவம் இருக்கும்படி போடுங்கள். பாட்டிலில் தேதி, குட்டை, மீன் வகை எழுதுங்கள். மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்கும் சொல்லுங்கள், பாரூரில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழக மையத்தையும் கேளுங்கள். பரிசோதனை எங்கே நடக்கும் என்று அவர்களே வழி சொல்வார்கள். 2023ல் ஒன்றிய அரசு வெளியிட்ட 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' என்ற செயலியிலும் படத்தோடு பதியலாம். மறைத்து வைப்பதால் நமக்கு ஒரு லாபமும் இல்லை. பக்கத்துக் குட்டைக்காரர் அதே பண்ணைக் குஞ்சை அடுத்த வாரம் வாங்கிவிடுவார்.

தடுப்பூசி உண்டா என்றும் கேட்கிறார்கள். கடல் மீனான கொடுவாவைத் தாக்கும் நோடா வைரஸுக்குச் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் ஒன்றை உருவாக்கியிருக்கிறது. அது வேறு வைரஸ், வேறு மீன். திலேப்பியாவுக்கு அதை வாங்கிப் போட முடியாது.

மறுபடி விடுவது

பிழைத்த மீனைத் தனியாகவே வளர்த்து முடியுங்கள். அது பார்க்க நன்றாக இருக்கும், தின்னும், வளரும், ஆனால் வைரஸைச் சுமந்துகொண்டிருக்கலாம். அதோடு புதுக் குஞ்சைச் சேர்ப்பதும், அதைத் தாய் மீனாக வைத்துக் குஞ்சு எடுப்பதும் வேண்டவே வேண்டாம். எல்லாவற்றையும் பிடித்து முடித்த பிறகு, குட்டையில் தேங்கிய தண்ணீருக்குப் பிளீச்சிங் போட்டு, குளோரின் போன பின் வற்ற விடுங்கள். மண் குட்டை என்றால் தரை பாளம் பாளமாக வெடிக்கும் வரை காய வேண்டும். நம் பங்குனி, சித்திரை வெயில் அதற்கு நன்றாகவே உதவும். தார்பாலின் குட்டையில் மடிப்புக்குள் சேறும் செத்த மீனும் ஒளிந்திருக்கும், மடிப்பைப் பிரித்துத் தேய்த்துக் கழுவுங்கள். இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை இருப்பதால் குளோரினும் வெயிலும் உலர்த்தலும் அதை எளிதில் கொன்றுவிடும்.

தண்ணீர் நிரப்பியதும் வாங்கிய குஞ்சு முழுவதையும் விட்டுவிடாதீர்கள். தனித்தொட்டியில் மாதம் முடித்த குஞ்சிலிருந்து ஒரு ஐம்பதை மட்டும் குட்டையில் ஹாப்பா கட்டி இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். தின்றுகொண்டு தெளிவாக இருந்தால் மற்றதை விடலாம். இருக்கும் குட்டைகளில் ஒரு வருடம் ஒன்றில் மட்டும் கட்லா, ரோகு, மிர்கால் விடுவதும் நல்ல யோசனை. திலேப்பியா லேக் வைரஸ் பண்ணைகளில் அவற்றைத் திலேப்பியா அளவுக்குத் தாக்குவதாகத் தெரியவில்லை, வருமானமும் அறவே நின்றுபோகாது.